கிர்கிஸ்தான்: அடிக்கடி மாறிய அரசமைப்பும் மாறாதிருந்த கொடியும்

கிர்கிஸ்தானின் ஆட்சிமுறை அதிபர் முறையா நாடாளுமன்ற முறையா, கொடியில் சூரியனுக்கு நடுவே உள்ள வட்டம் எதைக் குறிக்கிறது, ஒரே நாட்டின் கொடி ஒரு புத்தகத்தில் நெளிந்த கதிர்களோடும் இன்னொன்றில் நேரான கதிர்களோடும் அச்சாகியிருப்பது ஏன் என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வெவ்வேறாகத் தோன்றினாலும் மூன்றையும் ஒன்றாகவே விளக்க முடியும். விடுதலைக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் இந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதப்பட்டது. 1992க்கும் 1994க்கும் இடையே தேர்ந்தெடுக்கப்பட்ட கொடி, கீதம், இலச்சினை ஆகியவையோ பெரிய மாற்றமின்றி நின்றன. சட்டத்தைவிடச் சின்னங்களுக்கு ஆயுள் கெட்டியாக இருந்த நாடு என்பதால்தான், 2023இல் கொடியின் கதிர்களைச் சற்று நிமிர்த்தியதுகூட அங்கே பெரிய அரசியல் விவகாரமாயிற்று.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய எல்லைகளோடு ஒரு கிர்கிஸ் அரசு என்பது சோவியத் ஆட்சியின் உருவாக்கம். 1924இல் தன்னாட்சி மாவட்டமாகவும் 1926இல் தன்னாட்சிக் குடியரசாகவும் இருந்த அது, 1936இல் சோவியத் ஒன்றியத்தின் முழு உறுப்புக் குடியரசாயிற்று. தலைநகர் பிஷ்கெக் 1926 முதல் 1991 வரை, அங்கே பிறந்த செஞ்சேனைத் தளபதியின் பெயரால் ஃப்ரூன்சே என வழங்கியது. 1991 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டபோது, புதிய குடியரசின் கையில் பழைய மன்னர் பரம்பரையும் இல்லை, பழைய தலைநகர மரபும் இல்லை. நாடோடி மேய்ப்பர் வாழ்வும் வாய்மொழிக் காவியம் ஒன்றும்தான் இருந்தன. சின்னங்களை ஆக்கியவர்கள் அந்த இரண்டிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

கொடியின் நடுவில் உள்ள வட்டம் துந்துக். கிர்கிஸ் மேய்ப்பர்கள் கோடையில் மலைமேய்ச்சலுக்குப் போகும்போது அடிக்கும் கம்பளிக் கூடாரத்தின் உச்சியில் இருக்கும் மரவளையம் அது. கூடாரம் எழும்பும் முறையைப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். மடக்கி விரிக்கக்கூடிய பின்னல் தட்டிகளை வட்டமாக நிறுத்தி முதலில் சுவரை அமைக்கிறார்கள். பிறகு ஒருவர் நடுவில் நின்று நீண்ட கோலால் துந்துக்கை உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுற்றிலுமிருந்து வளைந்த கழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையை வளையத்தின் துளையில் செருகி, மறுமுனையைச் சுவர்த் தட்டியில் கட்டுகிறார்கள். எல்லாக் கழிகளும் ஏறிய பிறகு தூக்கிப் பிடித்திருந்த கோலை எடுத்துவிடலாம். வளையம் கழிகளைத் தாங்க, கழிகள் வளையத்தைத் தாங்க, நடுத்தூண் இல்லாமலே கூரை நிற்கும். வளையத்தின் குறுக்கே மும்மூன்றாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைந்த சட்டங்கள்தான் கொடியில் கோடுகளாகத் தெரிபவை. அடுப்புப் புகை வெளியேறுவதும் பகல் வெளிச்சம் உள்ளே இறங்குவதும் அந்தத் திறப்பின் வழியே. கம்பளியும் கழியும் நைந்துபோனால் மாற்றிக்கொள்வார்கள்; துந்துக்கை மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற குடும்பச் சொத்தாகப் பேணுவார்கள். கிர்கிஸ், கசாக் மக்களின் கூடாரம் செய்யும் கலையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த வளையம் கிர்கிஸ் மக்களுக்கு மட்டுமே உரியதன்று. அண்டை நாடான கசாகஸ்தானின் இலச்சினையிலும் இதே கூடார உச்சி வேறு பெயரில் இருக்கிறது. ஆனால் கசாகஸ்தான் அதை இலச்சினையில் வைத்துவிட்டுக் கொடிக்குச் சூரியனையும் கழுகையும் எடுத்துக்கொண்டது. கிர்கிஸ்தான் அதைக் கொடிக்கே நடுப்பொருளாக்கியது. வீட்டின் ஓர் உறுப்பைத் தன் கொடியில் ஏற்றிய நாடுகள் உலகில் மிகக் குறைவு.

கொடி ஏற்கப்பட்டது 1992 மார்ச் 3 அன்று. சிவப்புத் தளம், நடுவில் பொன்னிறச் சூரியன், அதற்கு நாற்பது கதிர்கள். நாற்பது என்பது மேலே சொன்ன வாய்மொழிக் காவியமான மானஸிலிருந்து வருவது. சிதறிக்கிடந்த நாற்பது குலங்களை ஒன்றுசேர்த்துப் பகைவரை எதிர்த்த வீரனாக அக்காவியம் மானஸைப் பாடுகிறது. தளத்தின் சிவப்பும் அவன் ஏந்திய கொடியின் நிறம் என்பதே அரசு தரும் விளக்கம். எழுபது ஆண்டுகள் செங்கொடியின் கீழிருந்த நாடு மறுபடியும் சிவப்பையே தேர்ந்ததில் சோவியத் பழக்கமும் கலந்திருக்கிறது என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்தை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். மக்கள் கண்ணுக்குப் பழகிய நிறத்துக்குப் பழங்கதையிலிருந்து புதிய நியாயம் கிடைத்தது என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

மானஸ் காவியத்தைப் பாடுவோர் மானஸ்சி எனப்படுகின்றனர். அவர்களுள் பெரும்புகழ் பெற்ற சயாக்பாய் கராலயெவ் பாடிப் பதிவான வடிவம் மட்டுமே ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிகள் கொண்டது. 1995இல் காவியத்தின் ஆயிரமாவது ஆண்டு என்று அரசே விழா எடுத்தது. தலைநகரின் விமான நிலையம் மானஸ். நாட்டின் உயரிய விருது மானஸ். 2021ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையும் மானஸின் அறவுரைகளைக் குறிப்பிடுகிறது. ஆட்சியாளர்கள் தங்களுக்குள் எவ்வளவு பகைத்துக்கொண்டாலும் மானஸை விட்டுக்கொடுத்ததில்லை.

இலச்சினையையும் கீதத்தையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1994 ஜனவரி 14 அன்று ஏற்கப்பட்ட இலச்சினை நீல வட்டத்துக்குள் அமைந்தது. மானஸின் வெள்ளை வல்லூறு சிறகு விரித்திருக்க, பின்னே அலா-தோ மலைச்சிகரங்களும் இசிக்-குல் ஏரியும் உதயசூரியனும், ஓரங்களில் கோதுமைக் கதிரும் பருத்தியும் இருக்கின்றன. பயிரை ஓரத்தில் வளைத்துச் சுற்றும் அந்தப் பாணி சோவியத் இலச்சினைகளிலிருந்து வந்தது. நாட்டின் பெயர் அதில் கிர்கிஸ் குடியரசு என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆவணங்களிலும் அதுதான் முதற்பெயர். ஜலில் சதிகோவும் குலுயெவும் எழுதி, நசிர் தவ்லெசோவும் கலி மோல்தோபசானோவும் இசையமைத்த தேசிய கீதம் 1992 டிசம்பர் 18 அன்று ஏற்கப்பட்டது. மூன்று பத்திகளாக இருந்த அதிலிருந்து இரண்டாவது பத்தி 2012இல் நீக்கப்பட்டது.

அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லாத ஒரு சின்னத்தை நான் இவற்றைவிட முக்கியமாக நினைக்கிறேன். அது பணத்தாள். சோவியத் ஒன்றியம் உடைந்த பின்னும் மத்திய ஆசியா முழுவதும் ரூபிளே புழங்கிக்கொண்டிருந்தபோது, 1993 மே மாதத்தில் சொந்தமாக சோம் என்ற நாணயத்தை முதலில் வெளியிட்ட நாடு கிர்கிஸ்தான்தான். அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 20 சோம் தாளில் பாடகரும் கவிஞருமான தோகோலோக் மோல்தோ, 100 சோமில் பாவலர் தோக்தோகுல், 200இல் கவிஞர் அலிகுல் ஓஸ்மோனோவ், 500இல் மேலே சொன்ன மானஸ்சி சயாக்பாய், 1000இல் பதினோராம் நூற்றாண்டுப் புலவர் யூசுப் பாலாசகுனி, 5000இல் திரை நடிகரும் ஓவியருமான சுய்மென்குல் சோக்மோரோவ். ஆட்சி செய்தவர் என்று பார்த்தால் 50 சோம் தாளில் இருக்கும் குர்மன்ஜான் தத்கா ஒருவர்தான்; அலாய் மலைப்பகுதியின் தலைவியாக விளங்கிய பெண்மணி அவர். பதவியிலிருந்த எந்த அதிபரின் முகமும் இந்த வரிசையில் ஏறவில்லை. மத்திய ஆசியாவின் இன்னொரு நாடான துர்க்மெனிஸ்தானில் முதல் அதிபரின் முகம் ஏறக்குறைய எல்லாத் தாள்களையும் நிறைத்திருந்த காலத்தில் இங்கே பாடகர்களும் கவிஞர்களும் இருந்தார்கள் என்பது தற்செயலன்று.

அதிபர்களின் முகம் பணத்தாளில் ஏறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அவர்கள் நிலைக்கவில்லை. முதல் அதிபர் அஸ்கர் அகாயெவ் இயற்பியலாளர். அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1993 மே 5 அன்று முதல் அரசமைப்புச் சட்டம் அவர் காலத்தில்தான் நிறைவேறியது. மத்திய ஆசியாவிலேயே சுதந்திரமான நாடு என்று வெளிநாட்டார் அப்போது புகழ்ந்தார்கள். ஆனால் 1994, 1996, 1998, 2003 என்று அடுத்தடுத்த பொதுவாக்கெடுப்புகளால் சட்டம் திருத்தப்பட்டு, பெரும்பாலும் அதிபரின் கையே வலுப்பெற்றது. 2005 மார்ச் 24 அன்று கூட்டம் அரசு மாளிகைக்குள் நுழைந்தது. அகாயெவ் மாஸ்கோவுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த குர்மன்பெக் பாகியெவ் 2007இல் சட்டத்தை மாற்றினார். குடும்பத்தாரின் கையில் அதிகாரம் குவிவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2010 ஏப்ரல் 7 அன்று துப்பாக்கிச் சூட்டில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின் அவரும் வீழ்ந்து பெலாரஸில் தஞ்சம் புகுந்தார். அதற்குச் சுமார் இரண்டு வாரங்கள் முன்புதான் குருல்தாய் என்னும் மரபுவழிப் பேரவையைக் கூட்டி நாட்டின் ஒற்றுமையைப் பற்றிப் பேசியிருந்தார்.

உங்களைக் குழப்பிய நாடாளுமன்ற முறை இதற்குப் பின்தான் வருகிறது. இடைக்கால அதிபர் ரோசா ஒதுன்பாயெவா, மத்திய ஆசியாவில் நாட்டுத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி. தெற்கே ஓஷ் நகரில் கிர்கிஸ், உஸ்பெக் மக்களிடையே மூண்ட கொடிய மோதலில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட அதே ஜூன் மாதத்தில், 27ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு நடந்து புதிய சட்டம் நிறைவேறியது. அதிபருக்கு ஆறாண்டு கொண்ட ஒரே ஒரு பதவிக்காலம், அரசை அமைக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு, 120 இடங்களில் எந்தக் கட்சியும் 65க்கு மேல் பெறக்கூடாது என்ற உச்சவரம்பு: ஒருவர் கையில் அதிகாரம் சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதன் ஒவ்வொரு பிரிவிலும் தெரியும். ஒதுன்பாயெவா சொன்னபடியே 2011 டிசம்பரில் தேர்தலில் வென்ற அல்மாஸ்பெக் அதம்பாயெவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகினார். அந்தப் பகுதியில் அப்படியொரு காட்சி அதுவரை அரிது. ஆனாலும் 2020 வரை திருத்தக்கூடாது என்று வகுத்திருந்த சட்டத்தை 2016 டிசம்பரிலேயே திருத்தினார்கள். அதம்பாயெவ் பதவி முடிந்தபின் தம் வாரிசாக வந்த சூரன்பாய் ஜீன்பெகோவுடன் பகைத்துக்கொண்டு 2019இல் கைதானார்.

மூன்றாவது கிளர்ச்சி 2020 அக்டோபரில் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டன என்ற கோபத்தில் மக்கள் திரண்ட இரவில், சிறையிலிருந்த சதிர் ஜபாரோவ் விடுவிக்கப்பட்டார். சில நாட்களில் பிரதமராகவும், ஜீன்பெகோவ் விலகியதும் இடைக்கால அதிபராகவும் ஆனார். 2021 ஜனவரி 10 அன்று அதிபர் தேர்தலில் சுமார் 79 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். அதே நாளில், அதிபர் முறையே வேண்டும் என்று மக்கள் தனி வாக்கெடுப்பிலும் சொன்னார்கள். ஏப்ரலில் இன்னொரு பொதுவாக்கெடுப்பு. மே 5 அன்று புதிய அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்து. எனவே உங்கள் முதல் கேள்விக்கு நேர்விடை: இன்று நடப்பது அதிபர் முறை. 120 உறுப்பினர்களைக் கொண்ட வலுவான நாடாளுமன்றம் என்று எங்காவது படித்தால் அது 2010க்கும் 2021க்கும் இடைப்பட்ட நிலையைச் சொல்கிறது.

இப்போதைய அமைப்பில் அதிபரே நாட்டின் தலைவர், நிர்வாகத்தின் தலைவரும் அவரே. ஐந்தாண்டுப் பதவிக்காலம், ஒருவர் இருமுறை வகிக்கலாம். பிரதமர் என்ற பழைய பதவி போய், அமைச்சரவைத் தலைவர் என்ற பதவி வந்தது. அவரே அதிபர் செயலகத்தின் தலைவராகவும் ஆக்கப்பட்டார் என்பதிலிருந்து அமைச்சரவை யாருக்குக் கட்டுப்பட்டது என்பது தெளிவு. ஜோகோர்கு கெனேஷ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கு 90 உறுப்பினர்கள். இந்த எண்ணிக்கையின் வரலாறே தனிக்கதை: சோவியத் காலத்தின் இறுதியில் 350, பிறகு இரண்டு அவைகளில் 105, 2005இல் ஓரவையில் 75, 2007இல் 90, 2010இல் 120, மீண்டும் 90. நாடாளுமன்றத்துக்கு எத்தனை நாற்காலி என்பதே முடிவாகாத நாட்டில் அதன் மரபுகள் வேரூன்ற எங்கே நேரம்? அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் மீண்டும் தனி நீதிமன்றமாக்கப்பட்டது. ஆனால் வயதுவந்தவர் தந்தைபெயருக்குப் பதில் தாய்பெயரைப் பின்னொட்டாகக் கொள்ளலாம் என்று அது 2023இல் தீர்ப்பளித்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பி, தீர்ப்பை மறுஆய்வுக்கு உட்படுத்த வழிசெய்யும் சட்டம் வந்து, அதே ஆண்டில் அத்தீர்ப்பும் திருப்பப்பட்டது. குருல்தாய்க்கும் அரசமைப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரதிநிதிகள் கூடி ஆலோசனை சொல்லும் அவை அது. மலைமேய்ப்பர் மரபின் பெயர் அதற்கு இருக்கிறது. ஆட்சியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை.

இந்த வரலாறெல்லாம் பிஷ்கெக்கில் ஒரு சில நூறு மீட்டருக்குள் நடந்தது. நகரத்தார் வெள்ளை மாளிகை என்றே அழைக்கும், 1985இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாகக் கட்டிய கட்டடத்துக்குள்தான் 2005, 2010, 2020 மூன்று முறையும் கூட்டம் புகுந்தது. அருகிலேயே அலா-தோ சதுக்கம். அங்கே நின்ற லெனின் சிலை 2003இல் அருங்காட்சியகத்தின் பின்புறத்துக்குப் போயிற்று. அவ்விடத்தில் சுதந்திர தேவியின் சிலை வந்தது. 2011இல் அதையும் எடுத்துவிட்டுக் குதிரைமேல் மானஸை ஏற்றினார்கள். ஓஷ் நகரில் 1975 முதல் நின்ற, மத்திய ஆசியாவிலேயே உயரமானதாகச் சொல்லப்பட்ட லெனின் சிலை 2025 ஜூனில் இறக்கப்பட்டபோது, அங்கே கொடிக்கம்பம் எழும் என்று அறிவித்தார்கள்.

நகரத்துக்கு வெளியே உள்ள அதா-பெயித் நினைவிடத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1938இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்று ஒரு செங்கல் சூளையில் புதைத்த 130க்கும் மேற்பட்டோரின் உடல்கள் 1991இல்தான் வெளியே எடுக்கப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டன. அவர்களுள் ஒருவர் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் தந்தை. சோவியத் பதிப்பகங்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஐத்மாத்தவின் கதைகளைப் படித்து கிர்கிஸ் புல்வெளிகளை அறிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 2008இல் இறந்த அவரும் அங்கேயே அடக்கமானார். 2010 ஏப்ரலில் சுடப்பட்டவர்களுள் பலரையும் அங்கேதான் புதைத்தார்கள். சோவியத் அரசு கொன்றவர்களும் விடுதலை பெற்ற அரசு கொன்றவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். எந்த அதிபராயினும் அங்கே போய் மலர்வளையம் வைத்தாக வேண்டும்.

இனிக் கொடி மாறிய கதை. 2023இல் நாடாளுமன்றப் பேரவைத் தலைவர் நூர்லன்பெக் ஷாகியெவும் உறுப்பினர் உலான் பிரிமோவும் ஒரு மசோதா கொண்டுவந்தனர். நெளிந்த கதிர்களோடு சூரியன் சூரியகாந்திப் பூவைப் போலத் தெரிகிறது. சூரியன் போகும் பக்கமெல்லாம் தலைதிருப்பும் அந்தப் பூ பிறரைச் சார்ந்து நிற்கும் நாட்டைக் குறிப்பதுபோல் இருக்கிறது. கதிர்களை நேராக்கினால் உண்மையான சூரியனாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். அதிபரும் ஆதரித்தார். டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்ற, அதே மாதம் அதிபர் கையெழுத்திட்டார். இதற்குப் பொதுவாக்கெடுப்பு நடத்தவில்லை; அரசமைப்புச் சட்டத்துக்காக ஒன்பது முறை மக்களை வாக்குச்சாவடிக்கு அழைத்த நாட்டில் கொடிக்காக ஒருமுறைகூட அழைக்காதது பலரை உறுத்தியது. பள்ளியிலும் அலுவலகத்திலும் பாஸ்போர்ட்டிலும் உள்ளதையெல்லாம் மாற்றும் செலவு யாருடையது என்று கேட்டவர்கள் உண்டு. விளையாட்டு வீரர்கள் முப்பது ஆண்டுகள் தோளில் போர்த்திய கொடி இது என்று வருந்தியவர்களும் உண்டு. எதிர்ப்புக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்த செயற்பாட்டாளர் ஒருவர் கைதானார். ஆகவே உங்கள் புத்தகங்களில் நெளிந்த கதிர் உள்ளது 2023 வரையிலான கொடி. நேர்க்கதிர் உள்ளது இன்றைய கொடி. துந்துக்கும் நாற்பது என்ற கணக்கும் இரண்டிலும் ஒன்றே.

அழகியல் வாதத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். எட்டத்திலிருந்து பார்க்கையில் பழைய சூரியன் பூவைப் போலத்தான் இருந்தது. ஆனால் பூ என்று முப்பது ஆண்டுகளாக யாரும் மனம்நொந்ததாகத் தெரியவில்லை. புதிய அரசமைப்பு வந்து இரண்டரை ஆண்டுகளில், எதிர்க்கும் வலுவில்லாத அவையில், சில மாதங்களில் முடிந்த மாற்றம் அது. ஆட்சி எவ்வளவு தடையின்றி இயங்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் அப்போது கிடைக்கவில்லை. கொடிக்கு அடுத்தபடியாக தேசிய கீதத்தையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பேரவைத் தலைவர் தரப்பிலிருந்தே எழுந்தது.

நாடாளுமன்றத் தேர்தல் முறையும் அதன்பின் மீண்டும் மாறியது. 2021இல் 54 பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் 36 பேர் தனித்தொகுதிகளிலிருந்தும் வந்தார்கள். 2025இல் அந்த முறையைக் கைவிட்டு, நாட்டை 30 தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர் என்று வைத்தார்கள். மூவரில் ஒரே பாலினத்தவர் இருவருக்கு மேல் வெல்ல முடியாது என்பதால் தொகுதிக்கு ஒரு பெண்ணாவது உறுதி. பெண்களுக்கு அது நல்ல ஏற்பாடு. கட்சிகளுக்கோ ஏற்கெனவே இருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் போயிற்று. நாடாளுமன்றம் முன்கூட்டியே கலைந்து, 2025 நவம்பர் 30 அன்று இந்த முறையில் முதல் தேர்தல் நடந்தது. அதிபர் தேர்தல் 2027 ஜனவரிக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. நிமிர்ந்த கதிர்களைக் கொண்ட கொடியின் கீழ் நடக்கும் முதல் அதிபர் தேர்தலாக அது இருக்கும்.